எத்தோரேவுக்கு ஓர் எதுகை

ஃபாயென்சா,
ஜூலை 6.

என் அன்புக்கும் எப்போதாவது மரியாதைக்கும் உரிய அண்ணன் எத்தோரேவுக்கு,

உன் ஒரே தங்கை வியோலா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவின் முழங்கால், அப்பாவின் சைக்கிளின் பின்சக்கரம் இரண்டையும் தவிர மற்ற அனைவரும் நலம். மியூனிக்கில் நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நான் என்ன செய்தி அனுப்பினாலும் கைபேசியில் ஒரு கட்டைவிரல் படத்தைத்தான் பதிலாக அனுப்புகிறாய். ஆகவே உன் கட்டைவிரல் நலமாக இருப்பது தெரிகிறது. மிச்ச உடம்பைப் பற்றித்தான் கவலை.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. கைபேசியில் எழுதினால் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பாள். கடிதம் எழுதினால் பள்ளிக்கூட வேலை என்று நினைத்து எனக்குப் பீச் பழம் நறுக்கி வைக்கிறாள். அதோடு, இந்த உறைக்குள் போட்டோக்கள் இருக்கின்றன. நீ ரயில் ஏறிய அன்று போலோஞ்ஞாவில் நான் அப்பாவின் பழைய கேமராவில் எடுத்தவை. ஸ்டுடியோக்காரர் பிரீமோ நேற்றுதான் கழுவிக் கொடுத்தார். பெயருக்குப் பொருள் என்னவோ 'முதல்வன்'. படம் தருவதில் உலகத்திலேயே கடைசி ஆள்.

படங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டுச் செய்தி.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி விருந்து உறுதியாகிவிட்டது. பண்டிகைக்கு நம் ரொட்டிக்கடையை மூடுகிறோம் அல்லவா, அன்றைக்குக் கடைக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்தில் மேஜைகளை வரிசையாகப் போட்டு உன் பட்டத்தைக் கொண்டாடப் போகிறாள் அம்மா. நாற்பது பேருக்குக் குறையாது. மார்ச் மாதம் நீ பட்டம் வாங்கிய அன்று அவள் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள், அப்பா பக்கத்து நாற்காலியில், நான் கணக்குத் தேர்வில். யாருமே வர முடியவில்லை. பட்டதாரிகள் சூடும் இலைமாலையைத் தலையில் வைத்துக்கொண்டு நீ நிற்கும் அந்த ஒரு படம்தான் வந்தது. அம்மா அதைப் பெரிதாக்கி, கடையில் மாவு டப்பாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். தினமும் அதன்மேல் மாவு பறந்து படிகிறது, தினமும் இடுப்பில் கட்டிய சமையல் துணியால் துடைக்கிறாள். மாலையைப் பற்றி மட்டும் இன்னும் குறை தீரவில்லை. அதை ரயிலில் தொலைத்துவிட்டேன் என்று நீ சொன்னாய். பட்டதாரியின் தலையில் இருந்த பிரிஞ்சி இலையைப் போட்டு முயல்கறி சமைக்க வேண்டும் என்று அவளுக்கு எத்தனை வருட ஆசை தெரியுமா?

வருகிறவர்களிடம் எல்லாம் நீ ஜெர்மனியில் 'குளிர்பதனத் துறையில்' இருப்பதாகச் சொல்கிறாள். ஐஸ்கிரீம் கடையில் கோடைகால வேலை என்பதை இதைவிடக் கௌரவமாக யாரும் சொல்லிவிட முடியாது.

விருந்துக்கு என் பங்கு படுக்கை விரிப்பு. ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? பழைய விரிப்பு ஒன்றில் பட்டதாரியைக் கிண்டல் செய்து பாட்டெழுதி, மானம் போகிற மாதிரிப் படங்களை ஒட்டி, தெருவில் போவோர் வருவோர் படிக்கும்படி தொங்கவிட வேண்டும். இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது பூனையிடம் மீன் கூடையைக் கொடுத்த மாதிரி என்று அப்பா சொன்னார். விரிப்பின் மேலே ஆளுயரத்தில் 'எத்தோரே' என்று நீல வண்ணத்தில் எழுதி முடித்துவிட்டேன். அதற்குப் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்று ஊருக்கே தெரியும். தொட்டிலில் கிடந்தபோதே அம்மா உன்னைக் கொஞ்சிய எதுகை அதுதானே: 'எத்தோரே, தொத்தோரே'. இந்த நாட்டில் பட்டம் வாங்கிய எல்லாரும் தொத்தோரே. ஒரு சிராய்ப்புக்குக் கட்டுப் போடத் தெரியாவிட்டாலும் டாக்டர்.

யோசித்துப் பார்த்தால் இதில் உன் தவறு ஒன்றுமில்லை. பெயர் வைத்தவர்கள் தவறு. என்னை அப்பா 'வியோலா, மரியோலா' என்று கூப்பிடுவார். மரியோலா என்றால் போக்கிரி. எனக்குக் கிடைத்த எதுகை போக்கிரி. அதற்குத் தக்கபடி நடந்துகொள்வது வெகு சுலபம், தேர்வு எதுவும் எழுத வேண்டாம். உனக்குக் கிடைத்த எதுகைக்கு ஐந்து வருடம் பொறியியல் படிக்க வேண்டியிருந்தது.

சரி, படங்களுக்கு வருகிறேன். அன்றைக்கு நீ என் கூடவே இருந்தாய் என்பது உண்மைதான். ஆனால் பாதி நேரம் உன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆகவே கேமரா பார்த்ததை நான் சொல்கிறேன், கேள்.

அம்மாவின் கட்டளை ஞாபகம் இருக்கிறதா? உன் மியூனிக் ரயில் போலோஞ்ஞாவிலிருந்து மத்தியானம்தான். காலையிலேயே போய், நீ படித்த காலத்தில் சுற்றிய இடங்களில் எல்லாம் உன்னை நிறுத்திப் படம் எடுத்து வரும்படி என்னை உன்னோடு அனுப்பினாள். கைபேசியில் எடுக்கிறேன் என்றேன். அப்பா விடவில்லை. "ஃபோன்ல ஆயிரம் எடுப்ப, ஒண்ணையும் திரும்பிப் பாக்க மாட்ட. ஃபிலிம்ல எடு, அப்பத்தான் கண்ணு முழிச்சுப் பாப்ப" என்று கேமராவை என் கழுத்தில் மாட்டினார். அப்பா சொல்வது எப்போதாவது சரியாக இருக்கும். அன்றைக்குச் சரியாக இருந்துவிட்டது.

முதல் படம் ரயிலில். டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டேனே தவிர, நடைமேடை மஞ்சள் பெட்டியில் அதை முத்திரை குத்த மறந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து இந்த ரயிலில் போகிறேன், இன்னும் மறக்கிறேன். இமோலா தாண்டியதும் பரிசோதகர் வந்து பிடித்துக்கொண்டார். நீ எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டி வாதாடினாய். படத்தில் உன் கைகள் நான்காகத் தெரிகின்றன, இந்தியக் கோயில் சிலை மாதிரி. அவர் என்னைப் பார்த்து, படிக்கிற பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன்னைப் பார்த்து நீங்கள் என்றார். நீ கொஞ்சமும் தயங்காமல், நானும் படிக்கிறவன்தான் என்றாய். அவர் உன் தாடியை நெடுநேரம் பார்த்தார். தாடி நரைப்பதற்குள் முடித்துவிடும்படி சொல்லிவிட்டு, அபராதம் போடாமல் போய்விட்டார். தங்கைக்காக அண்ணன் கூசாமல் பொய் சொல்கிறான் என்று எனக்கு ஒரே பெருமை. மிச்ச வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய்.

அப்புறம் சில படங்கள் என் விரலின் உருவப்படங்கள். அவற்றைப் பிரீமோ இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

நிலையத்திலிருந்து வளைவுத் தூண்கள் தாங்கிய நடைபாதையிலேயே நடந்தோம். டிராம் தண்டவாளம் போடுவதற்குத் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே வழக்கம்போல ஓய்வு பெற்ற தாத்தாக்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சம்பளம் வாங்காத மேஸ்திரிகளாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் கேமராவைத் திருப்புவதற்குள் நீயும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டாய், அதே போல் கையைக் கட்டிக்கொண்டு. பின்னாலிருந்து எடுத்த படம். தொப்பி இல்லாத ஒரே ஆள் நீ. பள்ளத்தின் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்த விதம் சரியில்லை என்று நீ முணுமுணுத்தாய். பக்கத்திலிருந்தவர் திரும்பி, தம்பி எஞ்சினியரா என்று கேட்டார். நீ "கிட்டத்தட்ட" என்றாய். அவர் விடுவாரா?

"கிட்டத்தட்ட எஞ்சினியர் கட்டினா கிட்டத்தட்டப் பாலம்தான் நிக்கும் தம்பி. நான் சுத்திப் போயிக்கறேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். இந்தப் படம்தான் விரிப்பின் நடுவில் வரவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்து நெப்டியூன் நீரூற்று. இங்கே மூன்று படங்கள் இருக்கின்றன, மூன்றையும் அனுப்பியிருக்கிறேன், வரிசையாக வைத்துப் பார். முதலாவதில் நீ பெட்டியை இழுத்துக்கொண்டு ஊற்றின் இடப்பக்கம் போகிறாய். இரண்டாவதில் அந்தப் பக்கம், கம்பி வேலிக்கு மேலே உன் தலை மட்டும். மூன்றாவதில் மறுபடியும் முதலில் இருந்த இடத்துக்கே வந்திருக்கிறாய், இன்னொரு சுற்றுக்குக் கிளம்புகிறாய். எதற்கு இந்தச் சுற்று என்று கத்தினேன். புறாவைப் பார்க்கிறேன் என்றாய். பெட்டியோடு யாராவது புறா பார்ப்பார்களா என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. என் மூளை அப்போது பசியில் இருந்தது.

அதற்கடுத்த படத்தைப் பார்த்துப் பிரீமோவே, எதற்கம்மா வெறும் தரையை எடுத்தாய் என்று கேட்டார். பெரிய சதுக்கம். காலி. ஒரு புறா. அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும், எத்தோரே. பட்டம் வாங்காத மாணவன் எவனும் அந்தச் சதுக்கத்தைக் குறுக்காகக் கடக்க மாட்டான், கடந்தால் ஜென்மத்துக்கும் பட்டம் வராது என்பது ஊரறிந்த கதை. ஆகவே பட்டம் வாங்கியவன் நெஞ்சை நிமிர்த்திக் குறுக்கே நடந்து வருகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று திட்டம் போட்டேன். நான் ஓரமாகவே சுற்றிக்கொண்டு எதிர் மூலைக்கு ஓடினேன், ஏனென்றால் நானும் ஒரு நாள் அங்கே படிக்க வேண்டும், எதற்கு வம்பு. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வா என்று கை காட்டினேன். பொத்தானில் விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீ பின்னாலிருந்து என் முதுகைத் தட்டினாய், திடுக்கிட்டதில் பொத்தான் அமுங்கிவிட்டது. தூண்களின் நிழலோடு ஓரமாகவே சுற்றி வந்திருக்கிறாய். கல் தரையில் பெட்டியின் சக்கரம் தேய்ந்துவிடும் என்றாய். என்னை ஏமாற்றிவிட்டாய், உன்னிடமும் கொஞ்சம் போக்கிரித்தனம் இருக்கிறது என்று நான் கைதட்டினேன்.

தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்றோம். உன் பங்கில் பாதியை எனக்குக் கொடுத்தாய். அதைக் கண்டு நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடைசிப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துகிறேன். அம்மா கூப்பிடுகிறாள், வெங்காயம் உரிக்க.

உரித்துவிட்டேன். கண்ணீரோடு எழுதுவதாக நினைத்துவிடாதே, வெங்காயம்தான்.

பழைய மாளிகையின் வளைவுக்குக் கீழே நாம் விளையாடினோம். எதிரெதிர் மூலைகளில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கிசுகிசுத்தால், நடுவில் எத்தனை கூட்டம் இரைந்தாலும் கல் வழியாகப் பேச்சு வந்து சேருமே, அந்த இடம். நான் இந்த மூலையில் மூக்கைச் சுவரில் தேய்த்துக்கொண்டு, பட்டதாரிகளைத் துரத்தித் துரத்திப் பாடுவார்களே, அந்தப் பாட்டை 'தொத்தோரே, தொத்தோரே' என்று ஆரம்பித்தேன். இரண்டாம் அடி அம்மாவின் காதில் விழக்கூடாதது, ஆகவே நன்றாக நிறுத்திப் பாடினேன். அப்புறம் கல்லுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது, காதுக்குள் நீ உட்கார்ந்திருப்பது போல.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, வியோலா."

நான் கேமராவின் எண்ணைப் பார்த்தேன். சத்தியமாக, ஃபிலிமில் இன்னும் ஒரே ஒரு படம்தான் பாக்கி. அவ்வளவு தூரத்திலிருந்து உனக்கு எப்படித் தெரிந்தது என்று அசந்துபோனேன். சரி, அசையாதே, எடுத்துவிடுகிறேன் என்று கத்திக்கொண்டே ஓடி வந்து எடுத்தேன்.

அந்தப் படம்தான் மேலே இருக்கிறது. நீ மூலையில் நிற்கிறாய். முதுகு மட்டும் தெரிகிறது. நெற்றியைக் கல்லில் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாய். ஒரு சுற்றுலாக்காரியின் தொப்பி ஓரத்தில் புகுந்திருக்கிறது. என் கண்ணுக்கு அன்றைக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. நேற்று அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தேர்வுக்குப் போகிறவன்தான் நெப்டியூனை இரண்டு முறை இடமாகச் சுற்றுவான். படிக்கிறவன்தான் சதுக்கத்தைக் குறுக்காகக் கடக்க மாட்டான். ரயிலில் நீ எனக்காகப் பொய் சொல்லவில்லை, அண்ணா. மார்ச் மாதத்துக்குப் பிறகு நீ பேசிய ஒரே உண்மையை அந்தப் பரிசோதகரிடம் சொல்லியிருக்கிறாய்.

நீ இன்னும் பட்டம் வாங்கவில்லை. ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது. அந்தக் கட்டுமானப் பாடம்தானே? போன கோடையில் அதன் பெயரைக் கேட்டாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பாய். மார்ச்சில் உன் தலையில் இருந்தது யாருடைய மாலை என்று கேட்கமாட்டேன். யாரோ நண்பன் ஒரு நிமிடம் கடன் கொடுத்திருப்பான், அதனால்தான் அது முயல்கறிக்கு வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தி வேண்டியிருந்தது, உன்னிடம் அது கைவசம் இல்லை, செய்து அனுப்பினாய். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நான் போக்கிரி, என்னிடமிருந்து வந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். உன்னுடைய பிரச்சினை என்னவென்றால் உன்னை எல்லாரும் நம்புகிறார்கள்.

எனக்குக் கோபம் இல்லை. வாக்குமூலம் கொடுக்க நீ தேர்ந்தெடுத்த ஆளைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது. ஊர் முழுக்க ஆள் இருக்க, ஃபிலிம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடமா சொல்வாய்?

நேற்றிரவு படுத்துக்கொண்டே உனக்கு வேறு எதுகை தேடினேன். பித்தோரே, ஓவியன், உனக்கு நேர்க்கோடு போடத்தான் வரும். ராஃப்ரெத்தோரே, ஜலதோஷம், ஐஸ்கிரீம் கடைக்குப் பொருத்தம். திராத்தோரே, டிராக்டர். இதில்தான் நின்றுவிட்டேன். டாக்டருக்கும் டிராக்டருக்கும் நடுவே ஓர் எழுத்து. உனக்கும் பட்டத்துக்கும் நடுவே ஒரு தேர்வு. இதற்கா இவ்வளவு தூரம், மியூனிக் வரை, ஓடினாய்?

ஆனால் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நாற்பது பேர் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கி உன்னை அந்தப் பெயரால் கூப்பிடுவார்கள். அம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நிற்பாள். அந்த நேரத்தில் நீ எந்த மூலையில் நெற்றியை முட்டுக்கொடுப்பாய்? தோட்டத்தில் மூலையே இல்லை, எல்லாப் பக்கமும் தக்காளிச் செடிதான். அதற்கு முன்னால் நீ அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். நான் சொல்ல மாட்டேன். என் வாய் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும், ஆனால் இதை அதில் போட்டுப் பூட்டிவிட்டேன். படங்களையும் ஒளித்துவைத்துவிட்டேன்.

மிச்சத்தை நாளை எழுதுகிறேன். கை வலிக்கிறது.

ஜூலை 8.

நாளை என்றேன், ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி.

ஒளித்துவைத்த இடம் சரியில்லை. அந்த விரிப்புக்கு அடியில்தான் வைத்திருந்தேன். வண்ணம் காய்ந்ததா என்று பார்க்க அம்மா விரிப்பைத் தூக்கியிருக்கிறாள். அன்றைக்கே சாயங்காலம் நான் பள்ளிக்கூடத் தோழி வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது கடையில் கூட்டம் இல்லை. அம்மா மாவு உருட்டும் பலகையில் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தாத்தாக்களின் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். உன் நான்கு கைகளைப் பார்த்து, உன் அப்பா மாதிரியே பேசியிருக்கிறான் என்றாள். நெப்டியூன் படங்கள் மூன்றையும் எடுத்தாள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அண்ணா. ஐந்து வருடமும் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் நீ அந்த ஊற்றடியிலிருந்துதான் அவளுக்குப் போன் செய்வாய். சுத்தியாச்சாடா என்று அவள் கேட்பாள். சுத்தியாச்சு என்பாய்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டு சுத்தும் சுத்தினானா?"

ஆமாம் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேடிக்கைப் பேச்சுகூட வாயில் வரவில்லை.

"சரி," என்றாள். அவ்வளவுதான். படங்களை அடுக்கி என்னிடம் கொடுத்தாள். கையில் மாவு இருந்ததால் ஓரங்களில் ஒட்டியிருக்கிறது பார், அது அவள் விரல்தான், துடைக்கவில்லை. எழுந்து நின்று ரொட்டி உருட்ட ஆரம்பித்துவிட்டாள். வாடிக்கையாளர் யாரும் கேட்காமலே அடுக்கடுக்காக உருட்டினாள். அன்று ராத்திரி நம் வீட்டில் ரொட்டி, நேற்று ரொட்டி, இன்றைக்கும் ரொட்டி. அப்பா ஏன் என்று கேட்கத் துணியவில்லை.

அவளுக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாவு டப்பாவுக்கு மேலே உன் படம் இருக்கிறது, தினமும் துடைக்கிறாள். ஆனால் நேற்று சாயங்காலம் கேக் கடைக்காரர் போன் செய்தார். விருந்து கேக்கில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார் போலிருக்கிறது. எத்தோரே என்று மட்டும் எழுதினால் போதும் என்றாள். அவர் அங்கிருந்து ஏதோ கேட்டார். தொத்தோரே வேண்டாமா என்றுதான் கேட்டிருப்பார், இந்த ஊரில் உன் எதுகையைத் தெரியாதவர் யார்?

"வேணாம், இடம் பத்தாது," என்றாள் அம்மா.

அண்ணா, அந்தக் கேக் நம் கடைக் கதவு அளவு நீளம். நாட்டின் அரசியல் சட்டத்தையே எழுதலாம். அம்மா எடை போடாமலே மாவைக் கிள்ளி ஒரே அளவில் ரொட்டி போடுகிறவள், அவளுக்கா இடக்கணக்கு தப்பும்?

அதன் பிறகு என்னிடம் வந்து, விரிப்பில் மிச்சத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம் என்றாள். காற்று ஈரமாக இருக்கிறதாம், வண்ணம் காயாதாம். ஜூலை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. சரி என்று தலையாட்டினேன். உன் பெயர் மட்டும் நீலமாக, அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக, விரிப்பு கொடியில் தொங்குகிறது. பார்க்க அப்படியொன்றும் மோசமாக இல்லை. எதுகை இல்லாமலும் உன் பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

நடைமேடையில் உன்னை வழியனுப்பியதை மட்டும் எழுதாமல் விட்டேன். ஃபிலிம் தீர்ந்துவிட்டதால் அதற்குப் படம் இல்லை. நீ ஜன்னலில் குனிந்து, அம்மாகிட்ட என்று ஆரம்பித்தாய். ரயில் நகர்ந்தது. முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்று முடித்தாய். அது நீ சொல்ல வந்தது இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. கேமரா இல்லாமல் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது.

முழங்காலைப் பார்த்துக்கொள்கிறோம். மிச்சத்தை நீயே சொல். திங்கட்கிழமை கடை விடுமுறை. மதியம் சாப்பிட்டபின் அம்மா தோட்டத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் சக்கரத்தைப் பழுது பார்க்கப் போய்விடுகிறேன், அவருக்கு அது ஒரு மணி நேர வேலை, நான் கூட இருந்தால் மூன்று மணி நேர வேலை. புதிதாக ஒன்றும் யோசிக்காதே. அந்த மூலையில் கல்லிடம் சொன்னாயே, அதையே அம்மாவிடம் சொல். கொஞ்சம் சத்தமாகச் சொல், அவ்வளவுதான்.

விருந்து எப்படியும் நடக்கும். முயல் எப்படியும் வேகும். தேர்வு முடிந்து நீ நிஜமான மாலையோடு வரும்போது நாம் இரண்டு பேரும் மறுபடி ரயிலில் போவோம், நான் டிக்கெட்டில் முத்திரை குத்த மறக்க மாட்டேன். எதிர் மூலையில் நான் கேமராவோடு நிற்பேன். நீ குறுக்கே நடந்து வா. அதற்கென்று ஒரு படத்தை ஃபிலிமில் மிச்சம் வைத்திருப்பேன்.

இன்னொன்று. மார்ச்சுக்கு முன்னால், ஒவ்வொரு தேர்வன்றும் காலையில் நான் உனக்குப் போன் செய்து சொல்வேனே, எல்லாத் தங்கைகளும் சொல்கிற அந்த வாழ்த்து. பட்டம் வாங்கியவனுக்கு அதைச் சொல்லக்கூடாது என்பதால் நாலு மாதமாக நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போது சொல்லலாம்.

ஓநாயின் வாய்க்குள் போய் வா, அண்ணா.

அதற்கு 'ஓநாய் சாகட்டும்' என்று பதில் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியும். கட்டைவிரல் செல்லாது.

உன் தேர்வு முடியும் வரை வாயைப் பூட்டியிருக்கும்,
போக்கிரி வியோலா.